கோழிக்கென்று வாங்கிய சோளம்

அக்கா,

இன்று காலை மருமகள் சோளப் பானையின் மூடியைத் திறந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த எனக்கு முதலில் வாடைதான் வந்தது. வண்டு பிறகுதான் கண்ணில் பட்டது. காய்ந்த புழுதியும் லேசான புளிப்பும் கலந்து, வெயிலில் கிடந்த சாக்குக்குள் முகத்தை விட்டதுபோல வெதுவெதுப்பான ஒரு வாடை. "வண்டு விழுந்துட்டு அத்தை," என்று சிரித்துக்கொண்டே அவள் பானையைத் தூக்கிப்போய் முற்றத்தில் கவிழ்த்தாள். "செத்த நேரம் வெயில்ல கெடந்தா ஓடிப்போகும்."

ஒரு பானைச் சோளம். எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனாலும் எனக்குக் கை ஓடவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். தலைவலி என்று அவளிடம் சொன்னேன்.

நீங்கள் போய் நாற்பதாம் நாள் பாத்தியா ஓதியும் முடிந்துவிட்டது. ராஜபாளையத்தில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு முள்வேலி மட்டும். அந்த வேலி இடுக்கு வழியாக வந்து நீங்கள் எனக்குச் செய்ததைப் பற்றி, நீங்கள் இருக்கும்வரை நான் வாய்திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லப் போனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டி வரும். அந்த இடம் வரும்போதெல்லாம் பேச்சை வெயிலுக்கும் மழைக்கும் மாற்றிவிடுவேன். நீங்களும் வெயிலைப் பற்றியே பேசுவீர்கள்.

உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கொழும்பில் கடை வேலைக்குப் போன உங்கள் தம்பியிடமிருந்து கடுதாசி வந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு வருவீர்கள். "குருவம்மா, இதைச் செத்த வாசிச்சுச் சொல்லு தாயி." மகாராஜபுரத்தில் என் அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது உங்களுக்காகத்தானோ என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை வாசித்து முடித்ததும், "இன்னொரு தடவை, மெதுவா" என்பீர்கள். இரண்டாம் தடவை வாசிக்கும்போதுதான் உங்களுக்கு அழுகை வரும். இந்தக் கடுதாசியை உங்களுக்கு வாசித்துக்காட்ட ஆளில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் தவச வியாபாரி என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய வியாபாரி இல்லை. அறுவடை நேரத்தில் புதுப்பட்டி, கூமாப்பட்டிப் பக்கம் போய்ச் சோளமும் கம்பும் வாங்கிவந்து, தெருக்காரர்களுக்குப் படியில் அளந்து விற்பவர். கெட்ட மனிதர் இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். கல்யாணமாகி வந்த புதிதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட கை அவருடையது. ஆனால் எங்களுக்குப் பிள்ளை பிறந்த வருஷம் மழை முகங்காட்டவில்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாரத்துக்கு வாரம் விலை ஏறியது. கடன் வாங்கி எப்போதையும்விடக் கூடுதலாகச் சோளம் வாங்கி வைத்திருந்த மனிதருக்கு, அந்த ஏற்றத்தைப் பார்க்கப் பார்க்க ஏதோ ஆகிவிட்டது. ஒருநாள் மூட்டைகளை எல்லாம் உள்ளறைக்குள் அடுக்கிப் பூட்டினார். கடைப் பலகையை எடுத்து மூடினார்.

"இன்னும் ஏறும். கொஞ்சம் பொறு," என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? என்னிடம் அவர் கேட்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான்.

மாசி மாதத்தில் ஒரு காலை. உங்கள் வீட்டுக்காரர், வண்டி ஓட்டும் ராவுத்தர், எங்கள் வாசலில் வந்து நின்றார். வண்டிமாட்டில் ஒன்று தீவனமில்லாமல் விழுந்து செத்து, உங்கள் வண்டி நுகத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு சும்மா கிடந்த நேரம். அவர் தோளில் எப்போதும் கிடக்கும் துண்டு அன்று கையில் இருந்தது. அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, நாலு படி சோளம் இருந்தாக் குடுங்க. பாரம் கெடச்சதும் திருப்பித் தந்துருதேன்."

"எங்க இருக்கு ராவுத்தரே? எல்லாம் வித்துப்போச்சு."

"பிள்ளைக பட்டினியாக் கெடக்கு."

"இருந்தாத் தர மாட்டேனா?"

இதை நான் எங்கேயிருந்து கேட்டேன் தெரியுமா அக்கா? உள்ளறைக்குள் இருந்து. அன்றைக்குச் சமையலுக்குச் சோளம் எடுக்கப் போனவள், பிள்ளை அழுததால் அங்கேயே மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதுகில் சாக்கு உறுத்தியது. தலைக்கு மேல் கூரை முட்ட மூட்டை. வெளியே அவர் "இல்லை" என்கிறார். பிள்ளை சத்தம் போட்டுவிடக் கூடாதே என்று அவன் வாயை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். யாரிடமிருந்து ஒளிந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சரி அண்ணாச்சி. அல்லா இருக்கான்," என்று ராவுத்தர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒருத்தருக்குக் குடுத்தா தெருவே வந்து நிக்கும்," என்று சுவரிடம் சொன்னார்.

அன்று மத்தியானம் உங்கள் அடுப்பில் புகை வரவில்லை. நான் வேலிப்பக்கம் போகவில்லை.

வண்டு எப்போது விழுந்தது என்று சொல்ல முடியாது. சரியாகக் காயாத சோளத்தை அவசர அவசரமாக வாங்கிச் சுவரோடு சேர்த்து அடுக்கியிருந்தார். முதலில் மூட்டைக்கடியில் மாவு சலித்துப்போட்டதுபோல் தூள். அப்புறம் ஒருநாள் மூட்டைக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டதுபோல் சுட்டது. அவரிடம் சொன்னேன். வேப்பிலை கொண்டுவந்து திணித்தார். ஒன்றும் நடக்கவில்லை. சிறு எள் அளவு கறுப்பு வண்டு, மூக்கு நீட்டிக்கொண்டு, கதவிடுக்கு வழியாக வெளியே வரத் தொடங்கியது. சுவரில் ஏறியது. தண்ணீர்ப் பானையில் மிதந்தது. மடித்துவைத்த சேலையை உதறினால் உதிர்ந்தது. பகலெல்லாம் விளக்குமாறும் கையுமாக அதைப் பெருக்கிப் பெருக்கி அடுப்பில் கொட்டினேன். வாசலைத் தாண்டிப் போய்விடக்கூடாது என்று எனக்கு ஒரே பயம்.

பிறகு பிள்ளையின் காதில் புகுந்தது.

மத்தியானம். தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவன் ஒரே அலறலாக அலறினான். தூக்கினேன், மார்பில் போட்டேன், தட்டினேன். நிற்கவில்லை. தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு முகம் நீலம் பாரித்துப்போனான். வேலியைப் பிய்த்துக்கொண்டு நீங்கள்தான் ஓடிவந்தீர்கள். முந்தின நாளிலிருந்து நீங்கள் சாப்பிட்டிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஓடிவந்த மூச்சு வாங்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றீர்கள்.

"இங்க குடு ஏட்டி." வாங்கினீர்கள். "கை காதுக்குத்தான போகுது? எண்ணெயக் கொண்டா. லேசாச் சூடு காட்டிக் கொண்டா."

மடியில் அவனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ரெண்டு சொட்டு விட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். "வந்துரும், வந்துரும்" என்று அவன் நெற்றியில் ஊதினீர்கள். செத்த நேரத்தில் எண்ணெயோடு வழிந்து கன்னத்தில் இறங்கியது அது. பிள்ளை விம்மலோடு அடங்கினான். நீங்கள் அதை விரல்நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

வண்டிக்காரர் பெண்டாட்டி, தவசம் ஏற்றி இறக்கும் வீடு. அது என்ன வண்டு என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கண் சுவருக்குப் போயிற்று. சுவரில் ஒன்று ஊர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவற்றின் வழியே உங்கள் பார்வை இறங்கி, உள்ளறைக் கதவடிக்கு வந்து, அங்கிருந்து மேலே ஏறிப் பூட்டில் நின்றது.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பீர்கள், இப்போது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். "என் பிள்ளைக பட்டினி கெடக்க, உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டியளா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் விரலைச் சேலையில் துடைத்தீர்கள். பிள்ளையை என் கையில் தந்தீர்கள்.

"ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சுத் தூங்கப் போடு," என்றீர்கள். போய்விட்டீர்கள்.

ராவுத்தரிடம் அன்று நீங்கள் அதைச் சொல்லவில்லை என்பது எனக்கு அடுத்த நாள் தெரிந்தது. வழியில் பார்த்தவர் எப்போதும்போல என் வீட்டுக்காரருக்குக் கையெடுத்துச் சலாம் வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் எத்தனை நாள் மறைக்க முடியும்? வண்டு வாசல் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டது. அடுத்த வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. மூட்டைகளை வெயிலில் கொட்டி உலர்த்தினால் பாதியாவது தேறும் என்று யாரோ சொன்னார்கள். கொட்டுகிற அளவுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. தெருக்கோடியில் இருந்த பொதுக்களத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஆள் வைத்து, பட்டப்பகலில், பூட்டிய அறையிலிருந்து மூட்டை மூட்டையாகத் தெரு வழியே தூக்கவைத்தார். எல்லார் வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

களத்தில் கொட்டியதும் வெயில் சூடு தாங்காமல் வண்டு நாலாபக்கமும் கிளம்பியது. தரை நகர்வதுபோல் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களின் கால்மேல் ஏறியது. அவர்கள் காலை உதறிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். ஒருவர்கூட ஏசவில்லை அக்கா. ஒரு கிழவர் மட்டும், "இம்புட்டு இருந்திருக்கு," என்றார். யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் சோளத்தைப் பரத்துகிற பலகையை நட்டுவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்வை வழிந்தது. கடைசியில், "வேணுங்கிறவுக அள்ளிக்கோங்க," என்றார். சத்தம் சரியாக வரவில்லை, மறுபடியும் சொன்னார். யாரும் குனியவில்லை. வயிற்றில் ஒன்றுமில்லாதவர்கள்தான் அத்தனை பேரும். பார்த்துக்கொண்டே நின்றார்கள். பொழுதடைந்த பிறகு சிலர் வந்து அள்ளிப்போயிருக்கிறார்கள். மறுநாள் குவியல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டேன். ஆனால் அந்தப் பகலில், எங்கள் முகத்துக்கு முன்னால், ஒருவர்கூடக் குனியவில்லை.

நான் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்காமல் புடைத்துக்கொண்டிருந்தேன். தூள் கண்ணிலும் மூக்கிலும் அப்பியது. எனக்கு அது வசதியாக இருந்தது. கண்ணீர் எதற்கு வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அப்போது என் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது.

"தள்ளி உக்காரு ஏட்டி."

உங்கள் சொந்த முறத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். தெரு முழுவதும் பார்க்க என்னோடு முட்டி இடிக்க உட்கார்ந்து புடைத்தீர்கள். "மேலுக்குப் புடைக்காத. சாய்ச்சுப் புடை, உளுத்த பொக்கு அப்பதான் முன்னால ஓடும்," என்று சொன்னீர்கள். அன்று முழுவதும் நீங்கள் பேசியது அவ்வளவுதான். பிறகு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் எனக்காக வரவில்லை. நீங்கள் உட்கார்ந்திருந்ததால் வந்தார்கள்.

தேறினது கொஞ்சம். அதைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொண்டார். மட்டமானதில் ஒரு பகுதியை நெசவாளிகள் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்ச வாங்கிப் போனார்கள். மீதி உளுத்த சோளம் எங்களுக்கே மிஞ்சியது. வேறு தவசம் வீட்டில் கிடையாது. அதையே இடித்துச் சலித்துக் கஞ்சி வைத்தேன். கசந்தது. குடித்தோம். பால் வற்றிப்போனதால் பிள்ளைக்கும் அதையே கொடுத்தேன். அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்றாம் நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, "அரிசிக் கஞ்சித் தெளிவு தவிர வேற எதும் உள்ள போகப்படாது. இந்தச் சோளத்தக் குடுத்தா பிள்ளை தங்காது," என்றார். அந்த வருஷத்தில் அரிசிக்கு நாங்கள் எங்கே போவோம்?

அந்த வாரம்தான் ராவுத்தர் யாரிடமோ இரவலாக ஒரு மாடு வாங்கி வண்டியைக் கிளப்பியிருந்தார். கூமாப்பட்டியில் ஒரு பண்ணையில் பாரம் இறக்கும் வேலை. கூலி நெல்லாகக் கிடைத்தது. நீங்கள் ஓட்டைக் கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு புறவாசலில் வந்து நின்றீர்கள்.

"ஏட்டி, அந்த வண்டுச் சோளம் இருந்தா ரெண்டு படி போடு. கோழிக்கு வேணும். வண்டு தின்னாத்தான் முட்டை நல்லா வைக்கும்."

அளந்து போட்டேன். எங்களிடம் இருக்கும் எதையாவது யாராவது கேட்கிறார்களே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. நீங்கள் மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அம்மிமேல் வைத்தீர்கள். ஒரு படி கைக்குத்தல் அரிசி.

"இது எதுக்கு அக்கா?"

"சும்மாவா வாங்குவேன்? என் கோழிக்கு நான் குடுக்கேன். பிள்ளைக்குக் காச்சி ஊத்து, போ."

இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தீர்கள். இரண்டு படி உளுத்த சோளம், ஒரு படி அரிசி. தெளிவுக் கஞ்சி இறங்கி, பிள்ளை கண்ணைத் திறந்து என் விரலைப் பிடித்த நாளில், அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல நான் முதன்முதலாக வேலி இடுக்கு வழியாக உங்கள் பக்கம் வந்தேன். சொல்லாமல் வந்தேன். வந்திருக்கக் கூடாது.

உங்கள் கொல்லையில் கோழி மூடும் பஞ்சாரம் கவிழ்ந்து கிடந்தது. அதற்குமேல் சிலந்தி வலை. ஒரு கோழி இல்லை, ஒரு இறகு இல்லை. அடுப்புப் பக்கத்தில் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்திருந்தீர்கள். நடுவில் ஒரு சட்டித் தண்ணீர். எங்கள் சோளம் அதில் ஊறிக்கொண்டிருந்தது. மேலே மிதந்த வண்டையும் பொக்கையும் உங்கள் பெரிய மகள் உள்ளங்கையால் ஒதுக்கி ஒதுக்கி வெளியே விசிறினாள். சின்னவன் அடுப்பில் கொதித்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் அப்போது வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் வெட்கப்பட்டீர்கள். திருட்டுப்போன வீட்டுக்காரி திருடன் பெண்டாட்டியைப் பார்த்து வெட்கப்படுவாளா? நீங்கள் பட்டீர்கள். முந்தானையை இழுத்துச் சட்டியை மூடப் பார்த்தீர்கள்.

"கோழி எங்கக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"மேயப் போயிருக்கு," என்றீர்கள்.

உங்கள் சின்னவன் என்னைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான். நான் திரும்பிவிட்டேன். வேலி முள் கையைக் கிழித்தது. வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அன்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூட்டையைப் பூட்டியதிலிருந்து அவரிடம் நான் எதையும் உரக்கச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். "நாலு படி இல்லேன்னு சொன்னீகளே, அவுக வீட்டு அரிசியத்தான் நம்ம பிள்ளை குடிக்குது. நம்ம வண்டை அவுக பிள்ளைக பொறுக்கித் திங்குது." கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார். அப்புறம் எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் எங்கேயோ போனார். நீங்கள்தான் பிறகு வந்து சொன்னீர்கள். வண்டிப்பேட்டையில் ராவுத்தர் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தாராம். இவர் போய்ப் பேசாமல் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாராம். ராவுத்தர் பார்த்தாராம், அவரும் பேசாமல் தூக்கினாராம். வண்டி நிறையும்வரை இருவரும் தூக்கியிருக்கிறார்கள். "ஒரு வார்த்தை பேசிக்கலையாம் ஏட்டி, ரெண்டு ஊமையனும்," என்று நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அவர் தவச வியாபாரம் செய்யவே இல்லை. பருத்தி அரைவை ஆலையில் எடை போடுகிற வேலைக்குப் போனார். சாகும்வரை உங்கள் வாசல் வழியாக நடக்கமாட்டார். பின்தெருவைச் சுற்றித்தான் வருவார். அவருக்கும் தன் முகத்தைத் தானே பார்க்கிறது கஷ்டமாகத்தான் இருந்தது அக்கா.

நான் இனி உங்களுக்கு அந்தச் சோளத்தைத் தருவதில்லை, அரிசியையும் வாங்குவதில்லை என்று முடிவுசெய்தேன். நீங்கள் விடவில்லை. அதே ஓட்டைக் கூடையோடு வந்து நின்றீர்கள்.

"என்னட்டி, யாவாரம் முறிஞ்சுபோச்சா?"

"வேண்டாம் அக்கா. என்னால முடியல."

"உன்னால முடியலேன்னா உன் பிள்ளை என்ன செய்வான்? இன்னும் எந்திரிச்சு உக்காரலையே அவன்." குரலைத் தாழ்த்தினீர்கள். "எனக்கு அஞ்சு வாயி. ஒரு படி அரிசி எங்களுக்கு ஒரு நேரம். ரெண்டு படி சோளம்னா ரெண்டு நேரத்துக்கு இழுத்துருவேன். எனக்குத்தான் லாபம். அளந்து போடு."

லாபமாம். அந்தச் சோளத்தைப் புடைத்தால் பாதிகூடத் தேறாது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் என் பிள்ளை எழுந்து உட்காரவில்லைதான். அளந்து போட்டேன். வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு என்னால் முடிந்தது ஒன்றுதான். உங்களுக்குக் கொடுக்கிற சோளத்தை நானே வெயிலில் போட்டு, புடைத்து, தண்ணீரில் அலசி, மறுபடி காயவைத்து, வண்டும் பொக்கும் ஒன்றில்லாமல் பொறுக்கிக் குவியலாக அளந்து வைத்தேன். பகல் முழுவதும் அந்த வேலைதான். முதல்முறை நீங்கள் கையில் அள்ளிப் பார்த்தீர்கள்.

"கோழிக்கு எதுக்குட்டி இம்புட்டுச் சுத்தம்?"

"முட்டை நல்லா வைக்கட்டும்னுதான்," என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். அன்று எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கோழி இல்லை என்று உங்களுக்கும் எனக்கும் தெரிந்த பிறகும், அடுத்த மழை பெய்து புதுத் தவசம் வரும்வரை, நாம் இருவரும் அந்தக் கோழிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பிள்ளை பிழைத்தான். வளர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை கிடைத்து, என்னையும் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். உங்கள் மௌத்துச் செய்தி வந்த அன்று மாட்டுவண்டி பிடித்து ராஜபாளையம் வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். மெலிந்திருந்தீர்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், பக்கத்து வீட்டார்தான் சோறு கொண்டுவர வேண்டும் என்று தெரியும். எங்கள் பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர்களிடம் அடுப்படியை ஒருநாள் கேட்டு வாங்கி, அரிசிச் சோறும் பருப்பும் நானே ஆக்கிக் கொண்டுவந்தேன். நல்ல அரிசி. மூன்று தடவை பொறுக்கினேன்.

முற்றத்தில் ஜமாத்து ஆட்களும் உறவுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ராவுத்தருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. யார் என்று கேட்டார். சொன்னார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், உட்கார்ந்தபடியே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இவுக வீட்டுச் சோறு எங்களுக்குப் புதுசு இல்ல. அந்தப் பஞ்சத்துல என் பிள்ளைகளக் காப்பாத்துனது இவுக வீட்டுத் தவசந்தான்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா, அன்றைக்குக் களத்தில் பார்த்தார்களே, அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைத் தாங்க முடியவில்லை. அவர் கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண்ணில் நீர் நின்றது.

சோற்றுப் பானையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்படிச் சொல்லாதீக அண்ணே. என்ன நடந்ததுன்னு உங்களுக்கே தெரியும். வாசல்ல வந்து நின்னவுக நீங்கதான்."

அவர் என் கையைத் தேடித் துழாவிவிட்டுத் தன் கையை இழுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "தெரியும் தாயி. அவளுக்கும் தெரியும். ஆனா பிள்ளைகள்ட்ட அவ இப்பிடித்தான் சொல்லி வளத்தா. குருவம்மா வீட்டுத் தவசம்னுதான் சொல்லுவா. எங்கிட்டயும் அப்பிடியே சொல்லச் சொன்னா. அவ சொன்னத நான் எப்பிடி மாத்துவேன்?"

உங்கள் பெரிய மகள் எனக்கு இலை போட்டாள். அவள் பிள்ளையை என் மடியில் உட்காரவைத்தாள். "ஆச்சி வீட்டு அரிசி, தின்னு," என்று அதற்கு ஊட்டினாள். வண்டை விலக்கி விசிறிய அதே கை.

நீங்கள் எனக்கு ஒரு நல்ல பெயரைச் சம்பாதித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள் அக்கா. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் என்னை அந்தப் பெயரோடுதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அது என்னுடையது இல்லை. நான் சொன்னாலும் அவர்கள் கேட்பதாயில்லை. உங்களிடமே திருப்பித் தரலாம் என்றால் நீங்களும் இல்லை. இனி நான் போகிற வரைக்கும் அதைச் சுமக்கத்தான் வேண்டும், அதற்குத் தகுந்தவள்போல நடந்துகொண்டு.

உங்கள்
குருவம்மா